வயிற்றுவலி: ஸ்கேனுக்கு அனுப்பும் முன் என்ன கேட்கிறீர்கள்?

இரவுப்பணி (தர்மபுரி):
வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். இரவு அவசரப் பிரிவில் என்னை அதிகம் திணற வைப்பது வயிற்றுவலிதான். எங்கே வலிக்கிறது என்றால் உள்ளங்கையை விரித்து வயிறு முழுக்கத் தடவிக் காட்டுகிறார்கள். எப்போதிலிருந்து என்றால் "ரொம்ப நேரமாங்க". எப்படி வலிக்கிறது என்றால் "வலிக்குதுங்க, வேற எப்படிச் சொல்றது?" புத்தகத்துக் கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் கூட வந்த மாமா கத்துகிறார்: "ஆளு துடிக்கிறான், நீங்க பேட்டி எடுத்துக்கிட்டு இருக்கீங்க." கடைசியில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறேன். பேச்சை வைத்தே பாதித் தூரம் போய்விடும் மூத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எதை முதலில் கேட்பீர்கள்?

ஓய்வுபெற்ற கத்தி (கிருஷ்ணகிரி):
தம்பி, "எங்கே வலி" என்று தொடங்காதீர்கள். "கடைசியா எப்ப நல்லா இருந்தீங்க?" என்று தொடங்குங்கள். நம் பக்கத்து ஆட்கள் மணிக்கணக்கு சொல்ல மாட்டார்கள். பால் கறப்பதற்கு முன்பா பின்பா, ராத்திரி களி சாப்பிட உட்கார்ந்தபோது பசி இருந்ததா, கடைசி பஸ் போன பிறகா என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் கூடப் பிசகாமல் சொல்வார்கள்.

வயிற்றுவலியில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதுதான் பெரிய சாட்சி. குடல்வால் அழற்சியை (அப்பென்டிசைட்டிஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. அப்புறம் பசி போகும், குமட்டும், ஒன்றிரண்டு முறை வாந்தி வரும். பல மணி நேரம் கழித்து வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, ஒரே விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஓரிடத்தில் நின்றுவிடும். காய்ச்சல் அதற்கும் பிறகு, அதுவும் லேசாக. குடல்வாலின் நரம்பும் தொப்புள் பக்கத்துத் தோலின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. ஆரம்பத்தில் மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. அழற்சி வயிற்றின் உள்சவ்வைத் தொட்ட பிறகுதான் சரியான இடம் தெரிகிறது. ஆகவே உள்ளங்கையை விரித்துத் தடவுகிறவர் உங்களை அலைக்கழிக்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்கே அவ்வளவுதான் தெரியும். இரண்டு மணி நேரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

முதலில் வாந்தி, பேதி, அதற்கப்புறம் வயிற்றைப் பிசைந்தது என்றால் பெரும்பாலும் சாப்பாட்டுக் கோளாறு. வலி முன்னால் வந்து வாந்தி பின்னால் வந்திருந்தால் ஆளை உட்கார வையுங்கள். நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று வந்த கடும் வலி ஆறு மணி நேரம் தாண்டியும் விடவில்லை என்றால், அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நூறாண்டுப் பழைய பாடம் இது. ஸ்கேன் வந்த பிறகும் அதைத் தள்ளிவைக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வரும் வழியில் வண்டி குலுங்கியபோது எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். 2012இல் இங்கிலாந்தில் இதையே ஆராய்ந்து வெளியிட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு வேகத்தடையில் கார் ஏறி இறங்கியபோது வலி கூடியிருக்கிறது. அந்த நோய் இல்லாதவர்களிலும் பலருக்குக் கூடியது. ஆகவே குலுங்கினால் வலித்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குலுங்கியும் வலி கூடவில்லை என்றால்தான் நமக்கு உதவி.

மாங்கொட்டை (காவேரிப்பட்டினம்):
நான் மருத்துவர் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். எங்கள் ஊர் உள்சாலையில் வந்தால் நல்லா இருக்கிறவனுக்கே வயிறு வலிக்கும் சார். இதை வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள்?

இரவுப்பணி (தர்மபுரி):
நன்றி சார். அந்த மாமா சொன்ன மாதிரி துடிக்கிறவரைத்தான் முதலில் பார்க்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற கத்தி (கிருஷ்ணகிரி):
துடிப்பவருக்கு வலி அதிகம், ஊசி போடுங்கள். ஆனால் அடுத்த கட்டிலில் அசையாமல் கிடப்பவரை ஒரு நடை எட்டிப் பாருங்கள்.

சிறுநீரகக் கல்காரர் ஓரிடத்தில் இருக்க மாட்டார். எழுவார், நடப்பார், சுவரில் சாய்வார், தரையில் உருளுவார். விலாவுக்குப் பின்னால் தொடங்கி இடுப்பைச் சுற்றி முன்பக்கமாகத் தொடை இடுக்கு வரை வலி இறங்கும், சிறுநீர் சிவந்திருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். அன்றிரவே உயிரை எடுப்பது அபூர்வம். கல்லோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் மட்டும் அவசரம், காலை வரை காத்திருக்காதீர்கள். இரைப்பைப் புண் ஓட்டையானவர் இதற்கு நேர் எதிர். இருமக்கூடப் பயப்படுவார், மூச்சை அரைகுறையாக இழுப்பார், "தொடாதீங்க" என்பார். எந்த நொடியில் தொடங்கியது என்று அவரால் சொல்ல முடியும்: "குனிஞ்சு மம்முட்டியை எடுத்தேன், கத்தி இறங்கின மாதிரி இருந்துச்சு." இப்படி நொடியைச் சொல்கிறவரிடம் எப்போதும் கவனமாக இருங்கள்.

மருந்துக்கடை (பாலக்கோடு):
சார் சொன்ன ஓட்டைக்கு ஒரு முன்கதை உண்டு. மூட்டுவலிக்கு, இடுப்புவலிக்கு என்று வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதை மருந்தாகவே கணக்கில் வைக்க மாட்டார்கள். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "கை கால் வலிக்கு ஏதாவது வாங்கிப் போடுவீங்களா?" என்று கேட்டால்தான் சட்டைப் பையிலிருந்து அட்டை வெளியே வரும். பசித்தால் எரிகிறது, நடுராத்திரி எழுப்பிவிடுகிறது, ஏதாவது சாப்பிட்டால் தணிகிறது என்பவர்களையும் தினமும் பார்க்கிறேன். ஆண்டுக்கணக்கில் கேஸ் மாத்திரையிலேயே ஓட்டுகிறார்கள்.

ஓய்வுபெற்ற கத்தி (கிருஷ்ணகிரி):
அது சிறுகுடல் முகப்புப் புண்ணின் கதை. அதற்கு ஒரு கிருமி காரணம் என்று காட்டுவதற்காக ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். 2005இல் ராபின் வாரனோடு நோபல் பரிசு வாங்கினார். கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டு வாரம் ஒழுங்காக மருந்து எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குத் தீர்ந்துவிடும். அவர்களை உங்கள் கவுண்டரிலிருந்து கொஞ்சம் எங்கள் பக்கம் தள்ளிவிடுங்கள்.

ஸ்கேன் அறை (ஓசூர்):
மூத்தவர் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இது ஸ்கேன் இல்லாத காலத்து வைத்தியம். வயதானவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் குடல்வால் வலி பல நேரம் புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. கர்ப்பிணிக்கு இன்னும் குழப்பம். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் பையன் ஒடிசாவிலிருந்து வந்திருப்பான். அவன் சொல்வது உங்களுக்குப் புரியாது, நீங்கள் கேட்பது அவனுக்குப் புரியாது. பால் கறக்கும் நேரத்தை வைத்து அவனிடம் என்ன கேட்பீர்கள்? ஒரே ஆள் என்னிடம் ஒன்று சொல்வார், உங்களிடம் வேறு சொல்வார். படம் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லும்.

ஓய்வுபெற்ற கத்தி (கிருஷ்ணகிரி):
வயதானவர் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: நாடித் துடிப்பு ஒழுங்கில்லாத முதியவர் வலி தாங்காமல் கத்துகிறார், வயிற்றை அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கிறது என்றால் குடலுக்குப் போகும் ரத்தம் அடைத்திருக்கலாம். அவரிடம் கதை கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், நேராக சிடி ஸ்கேனுக்கு அனுப்புவேன்.

ஆனால் படம் ஒன்றையே சொல்லும் என்பதில்தான் வில்லங்கம். பித்தப்பையில் கல்லோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்நாளை முடிப்பவர்கள் ஏராளம். அறுபது வயதுக்காரர் நெஞ்சுக்குழி வலி என்று வருகிறார், ஸ்கேனில் கல் தெரிகிறது. கல் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் ஈசிஜி எடுப்பதில்லை. கல்லால் வரும் வலிக்குத் தனிக் கதை உண்டு. கல்யாண வீட்டு பிரியாணிக்கப்புறம் ராத்திரியில் வரும், வலப்பக்க விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்து வலத் தோள்பட்டை எலும்புக்குப் போகும், அரை மணியோ சில மணி நேரமோ நின்று தானாக விடும். விடாமல் நீடித்துக் காய்ச்சலும் வந்தால் பித்தப்பை அழற்சி. இந்தக் கதை இல்லாத கல் வெறும் கல்தான்.

1975இல் பிரிட்டனில் புறநோயாளிகள் 80 பேரை வைத்துப் பார்த்தார்கள். அதில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தையும் நோயாளி சொன்னதையும் வைத்து மருத்துவர் நினைத்ததே கடைசி முடிவாகவும் இருந்தது. அது வயிற்றுவலிக்கென்று செய்த ஆய்வு இல்லை, ஸ்கேன் வருவதற்கு முந்தைய காலம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அல்ட்ராசவுண்டில் குடல்வால் தென்படவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், குடல்வால் நன்றாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?

ஸ்கேன் அறை (ஓசூர்):
எடுத்துக்கொள்ளக் கூடாது. குடல் காற்று மறைத்தால் தெரியாது, பருமனான உடம்பென்றால் தெரியாது, பார்ப்பவர் கையைப் பொறுத்தும் மாறும். சரி, அதை விட்டுக்கொடுக்கிறேன். ஒடிசாப் பையனுக்கு இன்னும் பதில் வரவில்லை.

அரூர் சிஸ்டர்:
அந்தப் பையனோடு தங்கியிருப்பவன் ஒருவனுக்காவது கொஞ்சம் தமிழ் தெரிந்திருக்கும். அவனைக் கூப்பிடுங்கள், முடிந்தது. நான் சொல்ல வந்தது வேறு.

பெண்கள் வந்தால் மாதவிலக்குத் தேதியை யாரும் ஒழுங்காகக் கேட்பதில்லை. கேட்டாலும் மாமியார், வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் சுற்றி நிற்கும்போது கேட்கிறீர்கள். என்ன பதில் வரும்? "சிறுநீர் எடுக்கணும்மா" என்று கழிவறைப் பக்கம் தனியாக அழைத்துப் போய்த்தான் நான் கேட்பேன். கல்யாணம் ஆகாத பெண் என்றாலும் கேட்பேன். நாள் தள்ளியிருக்கிறது, அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, எழுந்தால் தலை சுற்றுகிறது, தோள் நுனியில் வலி என்றால் கருக்குழாயில் கர்ப்பம் தங்கி வெடித்திருக்கலாம். உள்ளே கசியும் ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோளில் வலிக்கிறது. "எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சு" என்று சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள் டாக்டர். அபூர்வமாக அதற்கப்புறமும் கரு தங்கும், அப்படித் தங்கும்போது குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம். லேசான உதிரப்போக்கை மாதவிலக்கு என்று கணக்குச் சொல்பவர்களும் உண்டு. வழக்கமான நாளில், வழக்கமான அளவில் வந்ததா என்று கேட்க வேண்டும். சந்தேகமிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை சில நிமிட வேலை.

இன்னொரு கேள்வி எந்தப் பட்டியலிலும் கிடையாது: "ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?" விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வயிற்றுவலி, வாந்தி என்று வருவார்கள். வயிற்றைத் தொட்டால் ஒன்றும் இருக்காது. ஆள் காட்டுக் கொட்டகையிலோ வீட்டுத் தரையிலோ பாய் போட்டுப் படுத்திருப்பார். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலி தெரியாது, பல் பட்ட தடமும் தெரியாது. முதலில் வருவதே வயிற்றுவலியாக இருக்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே இமை கனத்து இறங்கும், எச்சில் விழுங்கக் கஷ்டப்படுவார், பேச்சு குழறும். அது வரைக்கும் காத்திருந்தால் மூச்சுக்கு மிஷின் தேட வேண்டியிருக்கும். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்றுவலி என்றால் நான் ஊசி போட்டுத் தூங்க வைக்க விட மாட்டேன். கண்ணை மேலே பார்க்கச் சொல்லி, இமை நிற்கிறதா என்று அடிக்கடி வந்து பார்ப்பேன்.

கிராம செவிலி (பென்னாகரம்):
சிஸ்டர் சொன்னது அப்படியே உண்மை. அதோடு, தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்தவரா என்றும் கேளுங்கள். தக்காளிக்கோ மாமரத்துக்கோ முகத்துணி இல்லாமல் அடித்துவிட்டு, சாயங்காலம் வயிற்றை முறுக்குது, பேதி என்று வருவார். வாயில் எச்சில் ஊறும், வியர்த்துக் கொட்டும், கண்மணி குறுகியிருக்கும். சாப்பாடு சேரவில்லை என்று அவரே ஒரு காரணத்தையும் சொல்லிவிடுவார்.

மாங்கொட்டை (காவேரிப்பட்டினம்):
இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. கொஞ்ச நாளாக மண்டி வரைக்கும் நடந்தால் நெஞ்சுக்குழியில் எரிகிறது என்கிறார். நின்றால் சரியாகிவிடுகிறது. இன்றைக்குக் காலையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்து வியர்த்துவிட்டது. சோடா குடித்தார், ஏப்பம் வந்தது, இப்போது பரவாயில்லை. கேஸ்தானே?

ஓய்வுபெற்ற கத்தி (கிருஷ்ணகிரி):
சாப்பிட்டால் வந்து ஏப்பத்தில் போனால் கேஸாக இருக்கலாம். நடந்தால் வந்து, நின்றால் போவதை வயிற்றுக் கணக்கில் எழுதாதீர்கள். இதயத்தின் அடிப்பக்கத்துக்கு ரத்தம் குறைந்தாலும் நெஞ்சுக்குழியில்தான் தெரியும், குமட்டலும் ஏப்பமும் கூட வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் இருக்கும். இன்றே, இப்போதே போய் ஈசிஜி எடுங்கள். அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

மட்டுறுத்துநர்:
குறுக்கே ஒரு வார்த்தை. சொந்த வலிக்கு இந்த இழையில் பதில் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அவசரமென்றால் 108.

மரவள்ளித் தோட்டம் (பாப்பிரெட்டிப்பட்டி):
அவசரம் இல்லை, நாள்பட்ட சங்கதி. அக்கா மகன், 22 வயது, ஒல்லி, குடிப்பழக்கம் கிடையாது. சில மாதத்துக்கு ஒருமுறை மேல்வயிற்றில் வலி வந்து முதுகைத் துளைக்கிறது, தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருக்கிறான். இப்போது சர்க்கரையும் இருக்கிறது என்கிறார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்றதால்தான் என்று ஊரில் பேச்சு. கிழங்கையே விட்டுவிட்டோம்.

ஓய்வுபெற்ற கத்தி (கிருஷ்ணகிரி):
நீங்கள் சொன்ன நாலு வரியே கணையத்தைக் காட்டுகிறது. குனிந்தால் தணிவது, முதுகுக்குப் போவது, இளவயதில் சர்க்கரை, ஒல்லியான உடம்பு. மலம் எண்ணெய்ப் பிசுக்காகத் தண்ணீரில் மிதக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். குடிக்காத இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் கட்டும் இந்த நோய் தென்னிந்தியாவில் ரொம்ப நாளாகப் பதிவாகியிருக்கிறது. மரவள்ளிமேல் சந்தேகம் எழுந்தது உண்மை, கிழங்கையே தொடாதவர்களுக்கும் வந்ததால் அது நிரூபணமாகவில்லை. மரபணுக் காரணங்களும் தெரிய வந்துள்ளன. அக்கா பிள்ளையைக் குடல்நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கிழங்கை நிறுத்தியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

கிராம செவிலி (பென்னாகரம்):
குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. கைக்குழந்தை வீல் என்று கத்திக் காலை வயிற்றோடு மடக்கும், கொஞ்ச நேரம் அமைதியாகி வெளுத்துப்போய்ப் படுத்திருக்கும், மறுபடி கத்தும். எங்கள் பக்கம் முதலில் நாட்டு வைத்தியமாகத் தொக்கம் எடுக்கவோ உரம் எடுக்கவோதான் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் அவர்களோடு சண்டை போடுவதில்லை, சண்டை போட்டால் அடுத்த முறை என்னிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் விட்டு விட்டுக் கத்துகிறது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தமும் சளியும் என்றால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம், ஒரு வயதுக்குள் இது அதிகம். அப்போது எதையும் எடுக்கப் போகக் கூடாது, நேராக மருத்துவமனைதான்.

அரூர் சிஸ்டர்:
வளர்ந்த பையன்கள் வேறு மாதிரி. பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பையன் அடிவயிற்று வலி என்று அம்மாவோடு வருவான். விரையில் வலி என்று அம்மா முன்னால் சொல்ல மாட்டான். விரை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் திருப்பிவிட வேண்டும், தாண்டத் தாண்ட அதைக் காப்பாற்றும் வாய்ப்பு குறையும். அம்மாவைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, ஆண் மருத்துவர் யாராவது டவுசரை இறக்கிப் பார்த்தாக வேண்டும்.

இரவுப்பணி (தர்மபுரி):
இது ஒன்றுக்காகவே இழை தொடங்கியது போதும். கடைசியாக ஒரு சந்தேகம். வலி ஊசி போட்டால் அறிகுறி மறைந்துவிடும், பெரிய மருத்துவர் வரும் வரை போடாதே என்கிறார்கள். அதுவரை மாமாவிடம் திட்டு வாங்குவது நான்தான்.

ஓய்வுபெற்ற கத்தி (கிருஷ்ணகிரி):
எங்கள் காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஆய்வு செய்து பார்த்ததில், வலியைக் குறைத்ததால் நோயைக் கண்டுபிடிப்பது கெட்டுப்போகவில்லை. முதலில் ஐந்து நிமிடம் கேட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நேரத்தோடு எழுதிவையுங்கள், உடனே ஊசி போடுங்கள். சிஸ்டர் சொன்ன இமைக்காரரை மட்டும் மயங்க வைக்காதீர்கள். வலி அடங்கிய ஆள் கதையை இன்னும் கோவையாகச் சொல்வார், மாமாவும் உட்காருவார்.

மாங்கொட்டை (காவேரிப்பட்டினம்):
ஈசிஜி பார்த்துவிட்டு அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். நாளைக்கு வேறு சோதனைகள் இருக்கிறதாம். எனக்கு வேறு ஒன்றும் புரியவில்லை, பெரியவருக்கு நன்றி.

ஸ்கேன் அறை (ஓசூர்):
நல்ல செய்தி. சரி, என் பக்கத்து வாதத்தை வேறு மாதிரி வைக்கிறேன். எனக்கு வரும் சீட்டுகளில் பாதியில் "வயிற்றுவலி" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே போனது, எது முன்னால் எது பின்னால், பெண்ணென்றால் மாதவிலக்குத் தேதி, முன்பு செய்த ஆபரேஷன், இவ்வளவும் மூன்று வரிதான். நீங்கள் எழுதி அனுப்பினால் கருவியை எங்கே வைத்து அதிக நேரம் தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாளையிலிருந்து ஒற்றைச் சொல் சீட்டைத் திருப்பி அனுப்பப் போகிறேன்.

ஓய்வுபெற்ற கத்தி (கிருஷ்ணகிரி):
தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஆளை அனுப்பாதீர்கள், சீட்டை மட்டும்.

அரூர் சிஸ்டர்:
சீட்டில் அவ்வளவு இடம் கிடையாது சார். பின்பக்கம் எழுதித் தருகிறோம், திருப்பிப் பாருங்கள்.